உபைதுல்லா கடையில் இங்கிலீஷ் சேதி

உபைதுல்லா மவுத்தாகி ஒரு மாதம்கூட முடியவில்லை. கூனிமேட்டு மெயின்ரோட்டில் அவர் நடத்திவந்த செல்போன் கடையைக் காலி செய்து சாவியைத் திருப்பிக் கொடுக்க அவருடைய மகள் ஹுமா வந்திருந்தாள். ஷட்டரைப் பாதிதான் தூக்கினாள். முழுதாகத் தூக்கினால் கடை திறந்துவிட்டதென்று ஆள் வரும். பாதி தூக்கியதற்கும் வந்தது.

கலியபெருமாள் குனிந்து உள்ளே நுழைந்தார். மரக்காணத்து உப்பளத்தில் வேலை. கணுக்கால்வரை உப்பு காய்ந்து வெள்ளையாக ஒட்டியிருந்தது. கையில் போன்.

"பாய் இல்லன்னு தெரியும்மா. மய்யத்துக்குக்கூட வந்தேன். இத மட்டும் பாத்துச் சொல்லிடேன்."

"இப்பல்லாம் போனே தமிழ்ல சொல்லுதே பெரியப்பா."

"சொல்லிச்சு. அதான் ஓடி வந்தேன். பரத் வேலை செய்யற கம்பெனி தெக்கப் போயிடுச்சாம். தெக்கன்னா எங்கம்மா? தூத்துக்குடியா? அங்க நம்மளவிட உப்பு ஜாஸ்தி. இவன் அங்க போயி என்னத்தக் கிழிக்கப் போறான்?"

ஹுமா போனை வாங்கிப் பார்த்தாள். துபாயில் அவர் மகன் பரத்தின் மேலாளர் எல்லாருக்கும் அனுப்பிய செய்தி. பரத்துக்கும் புரியவில்லை போலிருக்கிறது. 'பாய் கடைல காட்டிக் கேளு' என்று தமிழில் ஒரு வரி சேர்த்து அப்பாவுக்குத் தள்ளிவிட்டிருந்தான். பாய் போய்விட்டது அவனுக்குத் தெரியாது.

வெள்ளைக்காரன் வியாபாரம் கெட்டுப்போனதைத் தெற்கே போனதாகச் சொல்வான். போன் அதைத் திசையாகவே எடுத்துக்கொண்டிருந்தது. ஹுமாவுக்கு அர்த்தம் பார்த்தவுடன் தெரிந்துவிட்டது. சொல்லத்தான் வார்த்தை வரவில்லை. நலிவு, முடக்கம், திவால் என்று வந்ததெல்லாம் பேங்க் வாசலில் ஒட்டுகிற நோட்டீஸ் மாதிரி இருந்தது.

"கம்பெனி சரியில்லையாம்."

"சரியில்லன்னா?"

"படுத்துடுச்சு பெரியப்பா. எழுந்திருக்காது. பரத்தை வேற வேலை தேடச் சொல்லுங்க. இப்பவே."

கலியபெருமாள் மூச்சை விட்டார். "அப்படிச் சொல்லு. தூத்துக்குடியோன்னு பயந்துட்டேன்."

அவர் போன பிறகும் ஹுமாவால் உட்கார முடியவில்லை. கடைக்குள் இரண்டு எட்டு வைத்தால் சுவர். அதற்குள்ளேயே நடந்தாள். பிறகு மல்டிமீட்டரை எடுத்து, விற்காமல் கிடந்த சார்ஜர்களை ஒவ்வொன்றாகச் செருகி அளந்தாள். சென்னைக்கு அந்தப் பக்கம் ஒரு கார் தொழிற்சாலையில் இயந்திரங்களுக்கு நிரல் எழுதுவது அவள் வேலை. ஓடுகிறதா, ஓடவில்லையா என்று தெரிந்தால் போதும். ஓடாத சார்ஜர்களை அட்டைப்பெட்டியில் எறிந்தாள். ஓடுகிறவற்றையும் எதற்கென்று தெரியாமல் இரண்டாம் முறை அளந்தாள்.

உபைதுல்லா பத்தாவது தவறியவர். மஸ்கட்டில் ஒரு கட்டுமானக் கம்பெனியின் சைட் ஆபீசில் டீ போடுகிற வேலைக்குப் போனார். அங்கே இருந்த இன்ஜினியர் ஸ்காட்லாந்துக்காரர். அந்த மனிதருக்குக் காலையில் தலைமை அலுவலகத்தோடு போனில் சண்டை, சாயங்காலம் மனைவியோடு போனில் சண்டை. நடுவில் டீ. கம்பெனியும் உடைந்துகொண்டிருந்தது, குடும்பமும் உடைந்துகொண்டிருந்தது. தட்டோடு ஓரமாக நின்ற உபைதுல்லா கற்ற இங்கிலீஷ் முழுக்க இந்த இரண்டு சண்டையிலிருந்து வந்தது. ஒரு லீவு லெட்டர் எழுதச் சொன்னால் வியர்த்துவிடும். ஆனால் கடை மூடுவதற்கும் கட்டியவள் போவதற்கும் அந்த ஊர்க்காரர்கள் எத்தனை விதமாகச் சொல்வார்கள் என்பது அவருக்கு அத்துப்படி. பெல்லி அப், ஆன் த ராக்ஸ், கால் இட் எ டே எல்லாம் அவர் வாயில் அந்த ஸ்காட்லாந்து இழுப்போடுதான் வரும்.

ஒருநாள் இன்ஜினியர் அவரைக் கூப்பிட்டு, சம்பளம் கொஞ்சம் தாமதமாகும், வேறொன்றுமில்லை, உன் ஆட்களிடம் சொல் என்றார். உபைதுல்லா முந்தின நாள் போன் பேச்சைக் கேட்டிருந்தார். கேம்ப்புக்குப் போய், "கம்பெனி ஊத்திக்கிச்சுப்பா, பாஸ்போர்ட்டைக் கையில வாங்கற வழியப் பாருங்க," என்று சொல்லிவிட்டார். முதல் விமானத்தில் ஊருக்கு அனுப்பப்பட்ட ஆள் அவர்தான். அதைக் குறையாக அவர் ஒருநாளும் பேசியதில்லை. "பாதி சேதி சொல்லி ஆளை உக்கார வெச்சா, அவன் அங்கயே மக்கிப் போவான்," என்பார்.

திரும்பி வந்து கடை போட்டார். ரீசார்ஜ், கவர், ஜெராக்ஸ். அதோடு இதுவும் சேர்ந்துகொண்டது. வளைகுடாவிலிருந்து வரும் சேதி, இடையஞ்சாவடிப் பக்கம் குடியேறிய வெள்ளைக்காரர்களோடு சேர்ந்து பேக்கரி வைத்தவன், பட்டறை வைத்தவன் கொண்டுவரும் சேதி, எல்லாம் அவர் மேஜைக்கு வரும். வந்தவர் யாரானாலும் முதலில் ஸ்டூலை இழுத்துப் போடுவார். நல்ல சேதிக்கும் அதே ஸ்டூல்தான். ஸ்டூலைப் பார்த்து ஆள் பயந்துவிடக்கூடாதாம். பிறகு வந்தவரின் தொழிலைப் பார்த்துச் சொல்வார். உப்பளத்து ஆளிடம், "மழை பேஞ்சு பாத்தி கரைஞ்சு போச்சு, வாரறதுக்கு ஒண்ணுமில்ல." மீன்பிடிக் குப்பத்து ஆளிடம், "வலை அறுந்து போச்சு, கயித்த இழுத்துக்கிட்டு நிக்காத, கரைக்கு வா." எழுதியிருப்பதற்கு மேல் ஒரு சொல் சேர்க்கமாட்டார், ஒன்றை மறைக்கவும் மாட்டார்.

தொழில் சேதியை எல்லார் காதிலும் விழச் சொல்வார். ஆண் பெண் விஷயமென்றால் ஜெராக்ஸ் மெஷினை ஓட விடுவார். வெற்றுத்தாள் கடகடவென்று போய்வரும். அந்தச் சத்தத்துக்குள் குனிந்து மெதுவாகச் சொல்வார். வெளியே நிற்பவருக்குக் கேட்காது. ஆனால் பஜாருக்கே விஷயம் தெரியும். மெஷின் ஓடுகிறது, வாசலில் ஜெராக்ஸ் எடுக்க ஆளில்லை என்றால் யார் வீட்டிலோ புட்டுக்கொண்டது என்று எதிர்க்கடைக்காரர் சொல்லிவிடுவார். உபைதுல்லாவுக்கும் அது தெரியும். "தெரிஞ்சா தெரியட்டும். ஆனா அவங்க காதுலதான் முதல்ல விழணும்," என்பார்.

ஹுமா அந்த மெஷினின் ஒயரைக் காலையிலேயே பிடுங்கிச் சுருட்டி வைத்திருந்தாள்.

அவளிடமும் ஒரு சேதி இருந்தது. அவள் கணவன் இஜாஸ் ஷார்ஜாவில் இரண்டு கூட்டாளிகளோடு கஃபடேரியா வைத்திருந்தான். அது மூடிப்போனது. மூடின வாரமே அவளுக்கும் எழுதிவிட்டான். இருவரும் கல்லூரிப் பழக்கத்தில் இங்கிலீஷில்தான் எழுதிக்கொள்வார்கள். நம்முடையதும் நடக்கவில்லை ஹுமா, இதோடு முடித்துக்கொள்வோம், உன்மேல் தப்பில்லை. அவ்வளவுதான். மூன்று வருடக் கல்யாணத்தில் அவன் ஊருக்கு வந்தது இரண்டு தடவை. அவளுக்குப் பெரிய ஆச்சரியமில்லை. ஆனால் அதைத் தமிழில் வீட்டில் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் அடுத்த வாரம் அடுத்த வாரம் என்று தள்ளினாள். அதற்குள் அத்தா உபைதுல்லாவுக்கு நெஞ்சு வலி. ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியிலேயே முடிந்துவிட்டது.

அது தெரியாமலே அத்தா போய்விட்டார். இந்த மாதம் முழுக்க அவள் ஆறுதலாகப் பிடித்துக்கொண்டிருந்தது அந்த ஒன்றைத்தான்.

அம்மா சைத்தூன் பீவி இத்தாவில் இருந்தாள். கணவன் போனால் நாலு மாதம் பத்து நாள் வாசல்படி தாண்டக்கூடாது. பார்க்க வரும் பெண்களிடமெல்லாம், "ஹுமாவுக்கு விசா வந்துடும், அவ ஷார்ஜா போயிட்டா எனக்கு நிம்மதி," என்று சொல்லிக்கொண்டிருந்தாள். இத்தா முடிகிறவரை இந்தச் சேதி அம்மா காதுக்குப் போகக்கூடாது. ஹுமா தனக்குத்தானே போட்டுக்கொண்ட கட்டளை அது. அதை எப்படியும் காப்பாற்றிவிடலாம் என்று நினைத்திருந்தாள்.

மதிய லுஹர் தொழுகை முடிந்து பஜார் அடங்கிய நேரத்தில் ஷட்டருக்குக் கீழே ஒரு கறுப்பு புர்கா குனிந்தது. மைமூன் பீ. இஜாஸின் உம்மா, ஹுமாவின் மாமியார்.

"அஸ்ஸலாமு அலைக்கும். என்னம்மா, பாதிக் கடைல நின்னுக்கிட்டிருக்கே?"

"வஅலைக்குமுஸ்ஸலாம். வாங்க மாமி. சாமானெல்லாம் எடுத்துட்டிருக்கேன்."

"சாப்பிட்டியா?"

"ஆச்சு."

"பொய்யி. மூஞ்சப் பாத்தா தெரியாதா? ஓமக்குச்சி மாதிரி ஆயிட்டே." மைமூன் பீ கேட்காமலே ஸ்டூலை இழுத்து உட்கார்ந்தாள். பையிலிருந்து போனை எடுத்து நீட்டினாள். "இதப் படி."

இஜாஸின் பழைய போன். போன லீவில் வந்தபோது உம்மாவுக்குக் கொடுத்துவிட்டுப் போனது. லீவு முடிந்து போகிற பிள்ளைகள் எல்லாரும் செய்கிற காரியம்தான். ஆனால் இவன் தன் கணக்கை அதிலிருந்து எடுக்காமலே போய்விட்டான். அங்கே அவனுக்கு வருவதும் அவன் எழுதுவதும் இங்கே கூனிமேட்டிலும் வந்து விழுந்துகொண்டிருந்தது. ஹுமா ஒரு பார்வையில் கண்டுகொண்டாள்.

"மாமி, இது உங்களுக்கு வந்ததில்ல. அவர் வேற யாருக்கோ எழுதறது. ஒரு பட்டனை அமுத்தினா நின்னுடும்."

"அமுத்திடாத. உங்க அத்தாவும் இதையேதான் சொன்னாரு. எனக்குத் தெரியாதா? பால்காரனுக்கு எழுதறதும் வருது, தவுசீப்புக்கு எழுதறதும் வருது. எனக்கு எழுதறதுக்குத்தான் அவனுக்கு நேரமில்ல. இதுல வந்தா, உசுரோட இருக்கான், எழுந்துட்டான், கைய அசைக்கறான்னு தெரியுது. படி."

தவுசீப் இஜாஸின் கூட்டாளி. அவனுக்குத்தான் எழுதியிருந்தான், நேற்று. இரண்டு வரி. கடைச் சாமானையெல்லாம் ஏலத்துக்கு விட்டாச்சு, கதை முடிந்தது என்று முதல் வரி. நானும் ஹுமாவும்கூட முடித்துக்கொண்டோம், அவள் அப்பா இறந்த சூட்டில் வீட்டில் இன்னும் சொல்லவில்லை என்று இரண்டாவது.

ஹுமா போனை மேஜையில் வைத்தாள். ஷட்டர்வரை போனாள், திரும்பினாள்.

"கஃபடேரியாவ மூடிட்டாங்களாம் மாமி. சாமானெல்லாம் ஏலத்துக்குப் போயிடுச்சாம்."

"ம்."

"அவ்வளவுதான்."

மைமூன் பீ போனைத் திருப்பித் தன் பக்கம் வைத்துக்கொண்டு, விரலை முதல் வரியில் வைத்தாள். பிறகு கீழே இறக்கினாள். "இது?"

"அதுவும் அதேதான்."

"அதே சேதிய ஒருத்தன் எதுக்கு ரெண்டு தடவ எழுதறான்?"

ஹுமா மேஜைப் பக்கம் திரும்பினாள். ஒரு சார்ஜரை எடுத்தாள், வைத்தாள்.

"அந்த மெஷினப் போடு," என்றாள் மைமூன் பீ.

"எந்த மெஷின்?"

"ஜெராக்ஸ்மா. போடு."

ஹுமா மெஷின் பக்கம் போனாள். சுருட்டிய ஒயரைப் பிரித்துச் செருகினாள். மெஷின் இருமிவிட்டு ஓடத் தொடங்கியது. வெற்றுத்தாள் வந்து விழுந்தது. எதிர்க்கடைக்காரர் தலையை நீட்டி இந்தப் பக்கம் பார்த்துவிட்டு உள்ளே இழுத்துக்கொண்டார்.

"உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"யார் சொன்னாங்க?"

"வேற யாரு? உங்க அத்தாதான். அப்பவும் இப்படி ஒரு சேதி வந்துச்சு. கொண்டாந்து கொடுத்தேன். படிச்சாரு. ரோடு வரைக்கும் போயி நின்னாரு. லாரி வர்றதுகூடத் தெரியாம நின்னாரு. நான்தான் 'அண்ணே'ன்னு கத்தினேன். திரும்பி வந்து மெஷினப் போட்டாரு. 'மைமூன், என் பொண்ணும் உன் புள்ளையும் ஒத்து வரல, பிரிஞ்சுக்கலாம்னு உன் புள்ள எழுதியிருக்கான்'னு சொன்னாரு. ஒரு வார்த்தை கூட்டல, குறைக்கல. தன் பொண்ணு சேதின்னாலும் அப்படித்தான் சொன்னாரு."

"எப்ப?"

"அவரு மவுத்தாறதுக்கு முந்தின வாரம்."

அந்த வாரம் அவர் தினமும் போன் செய்தார். வேலை நேரத்தில் செய்கிற ஆளில்லை. சாப்பிட்டியா என்பார். சரி வைக்கட்டா என்பார். ஆனால் வைக்கமாட்டார். அந்தப் பக்கம் லாரி போகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். என்ன அத்தா என்றால் ஒன்றுமில்லை என்பார். ஹுமா மெஷின் பக்கத்தில் நின்று அந்தப் போன்களை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தாள். எல்லாமே இப்போது வேறாக இருந்தன.

"என்கிட்ட ஏன் கேக்கல?"

"நானும் கேட்டேன். 'பேசிடுங்கண்ணே, ரெண்டையும் கூப்பிட்டு வெச்சுப் பேசிடலாம்'னேன். 'அது ஹுமாவோட சேதி மைமூன், அவ வாயிலருந்து வரட்டும், அதுவரைக்கும் நமக்குத் தெரியாது'ன்னுட்டாரு. சரின்னு நானும் வாய மூடிக்கிட்டேன்."

"அதனாலதான் அத்தா..."

"ச்சீ. வாயக் கழுவு. அவரு தேதி அல்லாஹ் போட்டது. உன் புருஷன் எழுதின ரெண்டு வரிக்கா அவரு போவாரு? அவ்வளவு வீக்கான ஆளா உங்க அத்தா?"

மெஷினில் தாள் தீர்ந்து சிவப்பு விளக்கு எரிந்தது. மைமூன் பீ குரலை இன்னும் தாழ்த்தினாள்.

"இப்ப நான் எதுக்கு வந்தேன்னா, உங்க அம்மாவுக்காக. நான் போயி உக்கார்ந்ததும் 'விசா என்னாச்சு, இஜாஸ் என்ன சொல்றான்'னு கேக்கறா. பாவி நான், 'வந்துக்கிட்டிருக்கு'ன்னு சொல்லிட்டு வர்றேன். இத்தால இருக்கறவகிட்ட எத்தன பொய்யி சொல்றது? எனக்கு அந்த வீட்டுப் படியேறவே காலு வரல. அவரு இருந்திருந்தா அவரு பாத்துக்குவாரு. இப்ப நீ சொல்லணும். இல்ல, நான் சொல்லட்டா?"

"இத்தா முடியட்டும் மாமி. இன்னொரு அடி அம்மா தாங்கமாட்டாங்க."

"அப்ப அதுவரைக்கும் அவ விசாவ எண்ணிக்கிட்டு உக்காந்திருக்கட்டும்கறியா?"

ஹுமா மெஷினை நிறுத்தினாள். சத்தம் நின்றதும் ரோட்டில் போகும் பஸ்ஸின் ஹாரன் பெரிதாகக் கேட்டது. அம்மாவைக் காப்பாற்றுகிறேன் என்று நினைத்துக்கொண்டு, இல்லாத விசாவுக்குப் பக்கத்தில் அவளை உட்கார வைத்திருந்தாள். மைமூன் பீ அதைச் சொல்லாமலே சொல்லிவிட்டாள்.

"நானே சொல்றேன்," என்றாள். "நீங்க வரவேணாம்."

"இப்ப வரல. நான் மெதுவா வர்றேன். அவ என்னத் திட்டறதுன்னா திட்டி முடிச்ச பெறகு."

வீடு பள்ளிவாசல் தெருவில். நடந்தால் கொஞ்ச தூரம். ஹுமா வழியெல்லாம் வாக்கியத்தை அமைத்துப் பார்த்தாள். ஒவ்வொன்றும் பாதியில் இங்கிலீஷுக்குள் நழுவியது. பிரேக்கப் என்று அம்மாவிடம் சொல்ல முடியாது. கழட்டிவிட்டான் என்றால் அவன் அப்படிச் செய்யவில்லை. ஒத்து வரவில்லை என்றால் என்ன ஒத்து வரவில்லை என்று கேட்பாள். கொளுத்தும் வெயிலில் தெருமுனையில் நின்றாள். பின்னால் வந்த மீன்காரம்மா குப்பம்மாள், "வழிய விடு பாப்பா, தலைல பாரம்," என்று அதட்டியதும் நகர்ந்தாள்.

சைத்தூன் பீவி உள்ளறையில் வெள்ளைச் சேலையில் உட்கார்ந்து தஸ்பீஹ் மணியை உருட்டிக்கொண்டிருந்தாள்.

"கடை முடிஞ்சுதா?"

"இல்லம்மா. அம்மா, இஜாஸ் கஃபடேரியாவ மூடிட்டாரு."

மணி நின்றது. "யா அல்லாஹ். எப்ப?"

"ரெண்டு மாசம் ஆச்சு. அதோட எங்க ரெண்டு பேருக்குள்ளயும் முடிஞ்சு போச்சு. அவர்தான் எழுதினாரு. நானும் வேணாம்னு சொல்லல. விசா வராது. நான் ஷார்ஜா போகப் போறதில்ல."

சொல்லிவிட்டாள். தெருவில் கட்டிப் பார்த்த ஒரு வாக்கியமும் அதில் இல்லை. நின்றபடியேதான் இருந்தாள்.

அம்மா அழுவாள் என்று எதிர்பார்த்தாள். அம்மா மணியை மடித்துத் தலையணைக்கு அடியில் வைத்தாள். "அத்தாவுக்கு?"

"தெரியும். மைமூன் மாமி போன்ல வந்துச்சு. அவர்தான் படிச்சுச் சொன்னாராம்."

"அதான். அதான் அந்த வாரம் பூரா ஒரு மாதிரி இருந்தாரு," என்றாள். முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "அவன் என்ன எழுதினான்? எழுதினத அப்படியே சொல்லு."

ஹுமா போனை எடுத்து ஒவ்வொரு சொல்லாகத் தமிழில் சொன்னாள்.

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதாம்மா."

"மஸ்கட்ல ஒருத்தன் டீ போடறவன வேலைய விட்டு அனுப்பினாக்கூட இதவிட நீளமா சொல்லி அனுப்புவான். நீ பதில் எழுதினியா?"

"சரின்னு எழுதினேன்."

"சரின்னா? நிக்காஹ் என்ன ரீசார்ஜா, தீந்தா சரின்னு விடறதுக்கு?" சைத்தூன் பீவி தலையணையைத் தள்ளிவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள். "எடு போன. நான் சொல்றேன், நீ இங்கிலீஷ்ல போடு. மாப்பிள்ளைன்னு போடாத. பேரப் போடு."

ஹுமா போட்டாள்.

"உன் கடை மூடினதுல எங்களுக்கு வருத்தம்தான். அது நெசம். அத முதல்ல போடு. பெறகு போடு, உன் மாமா மய்யத்துக்கு நீ வரல. டிக்கெட் கெடைக்கலன்னே, நாங்க நம்பினோம்."

"மெதுவாம்மா."

"பிரியறதுன்னா பிரி. யாரும் உன் காலப் பிடிச்சு இழுக்கல. ஆனா போன்ல வந்த சேதிய நாங்க எடுத்துக்கமாட்டோம். ஊருக்கு வா. ஜமாத்துல உக்காரு. என் பொண்ணு மூஞ்சப் பாத்துத் தமிழ்ல சொல்லு. கேட்டுக்கறோம்."

ஹுமா தட்டிக்கொண்டே வந்தவள் நிறுத்தினாள். "நாங்கன்னு போட்டிருக்கேன். நாங்கன்னா யாரும்மா? அத்தா இல்லயே."

வாசலில் செருப்பு கழற்றும் சத்தம் கேட்டது. மைமூன் பீயின் இருமல்.

"நானும் அவளும்தான்," என்றாள் சைத்தூன் பீவி. "வேற யாரு? அனுப்பு."